தெருவில் நடப்போரும் சரித்திரமே

பழைய கட்டிடங்களைப் படம் பிடிக்கச் செல்வோர் பலரிடம் ஒரு வழக்கத்தைக் காண்கிறோம். குறுக்கே ஓர் ஆள் வந்தால் கருவியைத் தாழ்த்திக் கொள்வார்கள். தெரு காலியாகும் வரை காத்திருப்பார்கள். ஜனங்கள் விலகினால்தான் கட்டிடத்தின் அழகு துலங்கும் என்பது அவர்கள் எண்ணம். அது தவறான எண்ணம் என்பதே நமது அபிப்பிராயம்.

ஆதியில் தெருக்கள் காலியாகத் தோன்றியதற்குத் தக்க காரணம் இருந்தது. 1838-ல் தாகேர் என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸ் நகரத்துத் தெம்பிள் வீதியை மேல்மாடியிலிருந்து படம் எடுத்தார். ஜன நடமாட்டம் மிகுந்த வீதி அது. ஆயினும் தகட்டில் உருவம் பதியச் சில நிமிஷங்கள் பிடித்தமையால், அசைந்தவை யாவும் சுவடின்றி மறைந்தன. பூட்ஸைத் துடைத்துக்கொள்ள நின்ற ஒருவரும், அவர் காலடியில் குனிந்து வேலை செய்தவருமே நிலைத்தனர். மனித உருவம் தெரியும் புகைப்படங்களுள் மிகப் பழையதாகக் கருதப்படுவது இதுவே. விரைந்து சென்றோர் எவரும் அதில் இல்லை; பெயர் தெரியாத ஒரு தொழிலாளி இருக்கிறார்!

பிற்காலத்தில் அதே நகரில் யூஜீன் அத்ஜே என்பவர், 1927-ல் காலமாகும் வரை, சுமார் முப்பது ஆண்டுகள் பழைய வீதிகளையும் சிறு கடைகளையும் படம் எடுத்தார். அவர் படங்களில் பெரும்பாலான தெருக்கள் வெறிச்சோடியே காணப்படுகின்றன. எனினும் கூடை விற்பவர், கந்தை பொறுக்குவோர், தெருவில் வாத்தியம் இசைப்பவர் முதலியோரையும் அவர் நிற்க வைத்துப் பதிவு செய்தார். அத்தொழில்கள் பல மறைந்தன, அம்முகங்கள் மறையவில்லை.

நமது சென்னைக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. 1900-ல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் 1985-ல் தீக்கிரையாயிற்று. அதன் செந்நிறச் சுவர்களையும் வளைவுகளையும் பழைய படங்களைக் கொண்டு ஒரு சிற்பி மீண்டும் அமைத்துவிடலாம். ஆனால், பழைய புஸ்தகக் கடையின் முன் குந்தி ஏடு புரட்டிய ஏழை மாணவனையும், அவனோடு விலை பேசிய கடைக்காரரையும் எந்தச் சிற்பி மீட்டுத் தருவான்?

இன்றைய கருவிகள் ஒரு விநாடியின் நூற்றில் ஒரு பங்கில் உருவத்தைப் பற்றிவிடுகின்றன. கைப்பேசி வைத்திருப்போர் அனைவரிடமும் கருவி இருக்கிறது. ஆகவே பழைய காரணம் இனிச் செல்லாது. பூக்காரியும், சுமை தூக்குவோரும், பள்ளி விட்டு வரும் சிறுவரும் படத்தில் இடம் பெறட்டும். அருகிலிருந்து ஒருவரைப் படம் எடுக்கையில் அவர் சம்மதம் கேட்பது மரியாதை. அவர் வறுமையைக் காட்சிப் பொருளாக்குவது சிறுமை. தேதியையும் தெருவின் பெயரையும் குறித்து வைப்பது அவசியம்.

கட்டிடத்தைக் கட்டியவரின் பெயரைக் கல்வெட்டு காக்கும். அதன் நிழலில் உழைத்துப் பிழைத்தவர்களைக் காக்க யார் இருக்கிறார்கள்? அவர்கள் இல்லாத சரித்திரம் அரைச் சரித்திரமே.