தழும்பு விழுமா டாக்டர்?

ஆம்பூர் டேனரிகளில் 'செலக்‌ஷன்' பார்க்கிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? பதனிட்ட தோலை வெளிச்சத்தில் விரித்து ஒரு தடவு தடவுவார்கள். முள் கிழித்த கீறல், உண்ணி கடித்த வடு... எதுவும் தப்பாது. தழும்பு இருந்தால் தரம் ஒரு படி கீழே. விலையும்தான்!

மனுஷத் தோலுக்கும் நாம் இதே செலக்‌ஷன்தான் நடத்துகிறோம். எனக்குக் குடல்வால் ஆபரேஷன் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "வயித்துல தழும்பு விழுமா டாக்டர்? பையனுக்கு இன்னும் கல்யாணம் ஆகலை!" (பெண் வீட்டார் சட்டையைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் சம்பந்தம் பேசுவார்கள் போல!)

விழுந்தது. தழும்பே விழாமல் செய்ய வழி உண்டா என்று அப்புறம்தான் விசாரித்தேன். உண்டு ஸார்!

எண்டோஸ்கோப் குழாயை வாய் வழியாக இரைப்பைக்குள் இறக்குவார்கள். இரைப்பைச் சுவரில் உள்ளிருந்தே சின்னதாக ஒரு துளை. அதன் வழியே போய்க் குடல்வாலைக் கத்தரித்து, போன வழியே வெளியே எடுத்து, துளையை மூடிவிடுவார்கள். வாய் வழியாகப் பிரியாணி மட்டும்தான் போகும் என்று நினைத்திருந்தது ஆம்பூர்க்காரனான என் தப்பு!

இரைப்பை வழியாக வயிற்றுக் குழிக்குள் போகலாம் என்று பன்றிகளிடம் செய்து பார்த்து 2004-ல் எழுதியவர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் டாக்டர் கல்லூ. அதே வழியில் மனிதரின் குடல்வாலை எடுத்து, அதே 2004-ல் அறிவித்தவர்கள் ஹைதராபாத் டாக்டர்கள் ஜி.வி.ராவ், நாகேஷ்வர் ரெட்டி.

அந்த நோயாளி யார் தெரியுமா? அழகுக்கு ஆசைப்பட்டவர் இல்லை. வயிறு முழுக்கத் தீக்காயத் தழும்பு! கத்தி வைக்கத் தோதான தோல் இல்லாததால்தான் வாய் வழியாகப் போனார்கள்.

2007-ல் பிரான்ஸில் டாக்டர் மாரெஸ்கோ ஒரு பெண்ணின் பித்தப்பையைப் பிறப்புறுப்பு வழியாக எடுத்தார். அதே வழியில் குடல்வாலை எடுத்ததை 2008-ல் வெளியிட்டது, நம்ம கோயம்புத்தூர் டாக்டர் பழனிவேலு குழு.

பின்னே ஏன் ஊரெல்லாம் பரவவில்லை? பி.காம். கணக்குதான்! லேப்ராஸ்கோபியில் மூன்று சின்னத் துளை, அவ்வளவுதான். இங்கேயோ இரைப்பையில் போட்ட துளை கசிந்தால் உயிருக்கே ஆபத்து. வரவு கொஞ்சம், ரிஸ்க் ஜாஸ்தி.

ஆனால் கற்ற வித்தை வீண் போகவில்லை. உணவுக்குழாயின் அடித்தசை இறுகி, சோறு இறங்காமல் தவிப்பவர்கள் உண்டு. அந்தத் தசையை வாய் வழியாகவே போய் வெட்டிவிட முடியும் என்று 2008-ல் ஜப்பான் டாக்டர் இனோவே செய்து காட்டினார். இன்று இந்தியாவின் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் செய்கிறார்கள்.

ஆகவே இளைஞர்களே... தொப்புளைச் சுற்றி ஆரம்பித்த வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கி, வாந்தி, காய்ச்சல் என்றால் சோடா குடித்துக்கொண்டு லீவுக்காகக் காத்திருக்காதீர்கள். குடல்வால் வெடித்தால் சின்னத் துளையோடு போகவேண்டியது பெரிய வெட்டாகிவிடலாம். தழும்புக்குப் பயந்தால் தழும்புதான் பெரிசாகும்!

போன வாரம் மனைவியிடம் கேட்டேன்: "என் தழும்பு எந்தப் பக்கம், சொல்லு?"

யோசித்துவிட்டு, "இடது" என்றாள்.

குடல்வால் இருப்பது வலது பக்கம்!