ஒரு குவளைக் கோப்பியும் இரத்தக் குழாய்களும்

காலையிற் கோப்பி அருந்தாதவர்க்குப் பொழுது விடிவதில்லை என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆயின், அருந்திய பின்னர் உடம்பில் நிகழ்வது யாது எனக் கேட்டால், சோர்வு நீங்குகிறது என்பதற்கு மேல் விடை கூறுவோர் சிலரே. அந்த ஒரு குவளை, தொண்டையைக் கடந்த ஒரு மணி நேரத்துக்குள், இரத்தக் குழாய்களிலே ஒன்றுக்கொன்று முரணான மாற்றங்களைத் தோற்றுவிக்கிறது. அவை சில மணி நேரமே நிலைப்பன. ஆயினும் உயர் இரத்த அமுக்கம் உடையோர் அவற்றை அறிந்திருத்தல் அவசியமாகும்.

இரத்தக் குழாயை ஈயக் குழாய் போன்ற உயிரற்ற பொருளாகக் கருதுதல் தவறு. அதன் சுவரிலே தசை உண்டு. தசை சுருங்கினாற் குழாய் ஒடுங்கும், தளர்ந்தால் விரியும். குழாயின் உட்புறத்தை ஒரு மெல்லிய படலம் போர்த்திருக்கிறது. அதற்கு அகவணி என்று பெயர். தசையைத் தளரச் செய்யும் ஒரு பொருளை இவ்வகவணியே சுரக்கின்றது என்பதை 1980ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி றொபேட் பேர்ச்கொட் எடுத்துக் காட்டினார். அப்பொருள் நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் வாயுவே என்பது பின்னர் தெளிவாயிற்று. இக்கண்டுபிடிப்புக்காக அவரும் வேறிருவரும் 1998ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர்.

இனி, கோப்பியிலுள்ள கபீனை நோக்குவோம். ஜேர்மனிய இரசாயன அறிஞர் ருங்கே என்பார் 1819ஆம் ஆண்டில் இதனைக் கோப்பிக் கொட்டையிலிருந்து பிரித்தெடுத்தார். நமது உடலில் அடினோசின் என்றொரு பொருள் இயல்பாகவே உண்டாகிறது. அது பெரும்பாலான இரத்தக் குழாய்களை விரியச் செய்வது. மூளைக்குச் சோர்வை உணர்த்துவதும் அதுவே. கலங்களிலே அது வந்து பொருந்துதற்குரிய இடங்கள் உள. ஒரு பூட்டிலே வேறொரு சாவியை நுழைத்து வைத்தால் உரிய சாவி உட்செல்ல மாட்டாது. அவ்வாறே கபீன் அவ்விடங்களை முன்னதாக அடைத்துக் கொள்கிறது. அதனாற் சோர்வு தோன்றவில்லை; குழாய்களும் ஒடுங்க முற்படுகின்றன.

கோப்பிப் பழக்கமில்லாத ஒருவர் ஒரு குவளை அருந்தினால், அவரது இரத்த அமுக்கத்தின் மேல் எண் 5 முதல் 10 வரை உயர்ந்து, சில மணி நேரம் அங்ஙனமே நிற்கக் கூடும். நாள்தோறும் அருந்துவோர்க்கு உடல் பழகிவிடுவதால் இவ்வேற்றம் பெரிதுங் குறைகிறது. மூளைக்குச் செல்லும் இரத்தமும் கபீனாற் குறைகின்றது. தலைவலி மாத்திரைகள் சிலவற்றிற் கபீனைச் சேர்ப்பதற்கும், வழக்கமான கோப்பியைத் திடீரென நிறுத்துவோர்க்குத் தலைவலி உண்டாவதற்கும் இத்தன்மை ஒரு காரணமாகும்.

இம்மட்டோடு நின்றிருந்தால் கோப்பி இரத்தக் குழாய்களுக்குப் பகையென முடிவு கட்டிவிடலாம். ஆனால் யப்பானிய ஆய்வொன்று இதன் மறுபக்கத்தைக் காட்டிற்று. கோப்பிப் பழக்கமில்லாத 27 இளைஞரும் யுவதிகளும் ஒருநாள் சாதாரணக் கோப்பியும், மற்றொரு நாள் கபீன் நீக்கிய கோப்பியும் ஏறக்குறைய 150 மில்லிலீற்றர் அருந்தினர். எந்நாளில் எது என்பது அவர்களுக்குத் தெரியாது. கபீன் உள்ள கோப்பியை அருந்திய பின்னர், 75 நிமிட காலத்தில், விரலின் நுண்ணிய குழாய்களில் இரத்தவோட்டம் 30 சதவீதம் மிகுந்து காணப்பட்டது. ஒக்கினாவாவிலுள்ள ரியூக்கியூ பல்கலைக்கழக ஆய்வாளர் இம்முடிவை 2013ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அகவணியைத் தூண்டி நைத்திரிக் ஒட்சைட்டைச் சுரக்கச் செய்யும் ஆற்றலும் கபீனுக்கு உண்டு. எனினும் அதே ஆய்விலும் இரத்த அமுக்கம் சற்றே உயர்ந்திருந்தது. கையின் பெரிய நாடியை அளந்த வேறு சில ஆய்வுகளோ, கோப்பி அருந்திய ஒரு மணி நேரத்துள் அதன் விரியும் ஆற்றல் குறைந்ததைக் கண்டன.

ஒரே பொருள் ஓரிடத்தில் ஒடுக்கி, மற்றோரிடத்தில் விரிப்பது எங்ஙனம்? மூளையின் குழாய், விரலின் குழாய், கையின் நாடி ஆகியன ஒரே தன்மையன அல்ல. கோப்பியும் கபீன் மட்டுமன்று. குளோரோசெனிக் அமிலம் முதலிய பல பொருள்கள் அதிற் கலந்துள்ளன. ஆதலின் ஒரு மணி நேரத்து மாற்றத்தைக் கொண்டு கோப்பியை அமுதமென்றோ நஞ்சென்றோ தீர்ப்புக் கூறுதல் பொருந்தாது.

ஆயினும் அந்த ஒரு மணி நேரத்தைப் புறக்கணிக்கவும் இயலாது. மருத்துவமனைக்கு அதிகாலையிற் புறப்படுவோர் வழியில் ஒரு கோப்பி அருந்திவிட்டு வரிசையிற் காத்திருப்பது வழக்கம். பின்னர் அளக்கப்படும் அமுக்கம் அவரது மெய்யான அமுக்கமாய் இராது. வேண்டாத மருந்து கூட்டப்படலாம். அல்லது மெய்யாகவே உயர்ந்துள்ள அமுக்கத்தைக் கோப்பியின் மேற் பழிபோட்டு நோயாளி அசட்டையாயிருக்கலாம். இரண்டும் கேடே. அளப்பதற்கு முன் அரைமணி நேரமாவது கோப்பியைத் தவிர்க்க வேண்டும். அருந்தியிருந்தால் வைத்தியரிடம் மறையாது கூற வேண்டும்.

இரத்த அமுக்கம் 160க்கு 100 என்னும் அளவையோ அதற்கு மேலோ அடைந்தோர் இன்னும் எச்சரிக்கையாயிருத்தல் நன்று. அத்தகையோருள் நாளொன்றுக்கு இரண்டும் அதற்கு மேலுமான குவளை அருந்தியவர்க்கு இருதய, இரத்தக்குழாய் நோய்களால் மரணம் நேரும் அபாயம் ஏறத்தாழ இரட்டிப்பாயிருந்ததென, யப்பானில் நெடுங்காலம் நடைபெற்ற ஆய்வொன்று 2022ஆம் ஆண்டில் அறிவித்தது. சுகதேகிக்கு ஒரு குவளைக் கோப்பி அஞ்சத்தக்கதன்று. எனினும் அதனை அருந்துமுன் தமது இரத்த அமுக்கம் எவ்வளவு என்பதை ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.