உறைந்த ஏரிக்கு மூட்டை கட்டுவோமா?

ஏரிக்கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். படகில் சென்று வலை வீசுபவர்களையும் பார்த்திருப்பீர்கள். ஏரியின் நடுவே நடந்து சென்று, தண்ணீரின் மேலேயே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதில் அமர்ந்து மீன் பிடிப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா?

அமெரிக்காவின் வட எல்லையில் மின்னசோட்டா என்றொரு மாநிலம் இருக்கிறது. 'பத்தாயிரம் ஏரிகளின் நாடு' என்று அதற்குப் பட்டப்பெயர். குளிர்காலத்தில் அந்த ஏரிகளின் மேற்பரப்பு கெட்டியாக உறைந்துவிடும். மக்கள் அதன் மேல் நடந்து சென்று, வட்டமாக ஒரு துளை போட்டு, அதன் வழியே தூண்டிலை இறக்குவார்கள். கனடாவிலும் பின்லாந்திலும் இந்த வழக்கம் உண்டு.

இப்படிப் போகிறவர்கள் கொண்டு செல்லும் பொருள்கள் ஏராளம். பனியைத் தட்டிப் பார்க்க ஒரு கடப்பாரை, துளை போடப் பெரிய திருகு போன்ற துளைப்பான், துளையில் மிதக்கும் பனித்தூளை அள்ள ஜல்லிக் கரண்டி, முழங்கை நீளமே உள்ள தூண்டில் கோல்கள், கொக்கிகள், இரை, வாளி, கூடாரம், காஸ் அடுப்பு, கயிறு. இவற்றை எப்படி அடுக்குவது? எப்படித் தூக்கிச் செல்வது? இதில் என்ன விஞ்ஞானம் இருக்கிறது என்று எண்ணாதீர்கள். எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது பனிக்கட்டியின் இயற்பியல்தான். அதை மறந்தால் போவது மீன் அல்ல, உயிர்!

பனித்தளம் எவ்வளவு தாங்கும்?

நீரின் அடர்த்தி 4 டிகிரி செல்சியசில்தான் மிக அதிகம் என்று படித்திருக்கிறீர்கள். ஆகவே ஏரி குளிரும்போது 4 டிகிரி நீர் அடியில் தங்கும். அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே நிற்கும். அதுவே முதலில் உறையும். பனிக்கட்டியின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.917 கிராம்தான். எனவே அது மிதக்கும். மேலே கூரை, கீழே மீன்கள் நீந்தும் நீர். இதுதான் உறைந்த ஏரி.

இந்தக் கூரை எவ்வளவு எடையைத் தாங்கும்? கனடா நாட்டு ஆய்வாளர் லோர்ன் கோல்ட் 1971-இல் ஓர் எளிய விதியை வெளியிட்டார். பனித்தளம் தாங்கும் எடை, அதன் தடிமனின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது அந்த விதி. தடிமனைச் சென்டிமீட்டரிலும் எடையைக் கிலோகிராமிலும் எழுதினால்,

தாங்கும் எடை = 3.5 × தடிமன் × தடிமன்

என்று பாதுகாப்பான கணக்கு ஒன்று போடலாம். 20 செ.மீ. என்றால் 1400 கி.கி.; 10 செ.மீ. என்றால் 350 கி.கி.; 5 செ.மீ. என்றாலோ 87 கி.கி. மட்டுமே! தடிமன் பாதியானால் வலிமை பாதியாகவில்லை, கால் பங்காகிவிட்டது. மூட்டையோடு நடக்கும் ஒரு மனிதரின் எடையே 87 கி.கி.யைத் தாண்டிவிடும் அல்லவா?

அதனால்தான் மின்னசோட்டா மாநில இயற்கை வளத் துறை, ஒருவர் நடந்து செல்லவே குறைந்தது 4 அங்குலம், அதாவது 10 செ.மீ. தெளிந்த பனி வேண்டும் என்கிறது. 350 கி.கி. தாங்கும் தளத்தை ஒரே ஒருவருக்கு ஒதுக்குவது வீண் எச்சரிக்கையா? இல்லை. ஏரி முழுவதும் பனி ஒரே தடிமனில் இருப்பதில்லை. ஊற்றுள்ள இடத்திலும் ஓடை வந்து சேரும் இடத்திலும் அது மெல்லியதாக இருக்கும். நீல நிறத்தில் தெளிவாக இருக்கும் பனியே உறுதியானது. பனித்தூவல் நனைந்து உறைந்த வெண்ணிறப் பனியில் காற்றுக் குமிழிகள் நிறைந்திருக்கும். அதற்கு இரண்டு மடங்கு தடிமன் தேவை.

காலடியில் உள்ள தளத்தின் தடிமன் அடிக்கு அடி மாறலாம். ஆகவே அனுபவசாலிகள் தம் பொருள்களை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: உடலில் இருக்க வேண்டியவை, கையில் இருக்க வேண்டியவை, வண்டியில் இருக்கலாம் என்பவை.

உடலில் இருக்க வேண்டியவை

தளம் உடைந்து ஒருவர் நீரில் விழுந்துவிட்டார் என்று வைத்துக் கொள்வோம். அந்தக் கணத்தில் வண்டியில் உள்ள பொருள் எதுவும் அவருக்குப் பயன்படாது. உடலோடு ஒட்டியிருப்பது மட்டுமே உதவும்.

குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு என்ன நேர்கிறது என்பதைக் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்டன் கீஸ்பிரெக்ட் ஆராய்ந்தார். அவர் சொல்லும் கணக்கு 1, 10, 1. முதல் 1 நிமிடம் மூச்சுத் திணறும். பதற்றப்படாமல் மூச்சைச் சீராக்க வேண்டும். அடுத்த 10 நிமிடம்தான் கைகால்கள் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும். ஆக, தப்பிப்பதற்குக் கிடைக்கும் நேரம் அந்தப் பத்து நிமிடமே.

ஈரமான பனி விளிம்பைக் கையால் பிடித்து ஏற முடியாது, வழுக்கும். அதற்காக மரப்பிடி போட்ட இரண்டு கூரிய ஆணிகளைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக் கொள்கிறார்கள். விழுந்தவர் தாம் வந்த திசைக்குத் திரும்ப வேண்டும். அந்தப் பக்கத்துப் பனிதான் சற்று முன்வரை அவரைத் தாங்கியது. கால்களை உதைத்து உடலைக் கிடைமட்டமாக்கி, ஆணிகளைப் பனியில் குத்தி இழுத்து மேலேற வேண்டும். ஏறியதும் எழுந்து நிற்கக் கூடாது. உருண்டு செல்ல வேண்டும். ஏன்? நிற்கும்போது எடை முழுவதும் இரண்டு பாதங்களின் கீழ் குவிகிறது. படுத்தால் அதே எடை உடலின் நீளம் முழுவதற்கும் பரவுகிறது.

கழுத்தில் ஆணி, மேலே மிதவைச் சட்டை, சட்டையில் ஊதல். கைப்பேசியோ நீர் புகாத உறையில், உள்சட்டைப் பையில் இருக்க வேண்டும். குளிரில் மின்கலத்தின் வேதிவினை மந்தமாகிவிடும். உடல் வெப்பம் அதைக் காக்கும்.

கையில் இருக்க வேண்டியது

கையில் இருக்க வேண்டியது கடப்பாரை ஒன்றே. சில அடிக்கு ஒரு முறை அதனால் முன்னால் உள்ள பனியை ஓங்கிக் குத்திப் பார்த்தபடியே நடப்பார்கள். ஓரிரு குத்திலேயே கடப்பாரை உள்ளே இறங்கினால், வந்த வழியே மெல்லத் திரும்பிவிட வேண்டியதுதான். இந்தக் கடப்பாரையை வண்டியில் கட்டி வைத்தால், குருடர் தம் கோலைப் பையில் வைத்துக் கொண்டு நடப்பது போலாகும். கூட வருபவர்களும் ஒருவரை ஒருவர் ஒட்டி நடக்காமல் இடைவெளி விட்டே வருவார்கள்.

வண்டியில் போகட்டும்

மீதிப் பொருள்கள் எல்லாம் சேர்ந்து 40 கி.கி. என்று கொள்வோம். இவற்றைத் தோளில் சுமந்தால் 392 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். அதற்குப் பதிலாக அடிப்பக்கம் வழவழப்பான பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் வைத்து இழுக்கிறார்கள். சக்கரம் கிடையாது, இது சறுக்கு வண்டி. பனியில் இதன் உராய்வுக் குணகம் சுமார் 0.1 என்று எடுத்துக் கொண்டால், இழுக்க வேண்டிய விசை 39 நியூட்டன்தான். நான்கு கிலோ காய்கறிப் பையைத் தூக்குவதற்குச் சமம்!

பனி ஏன் இப்படி வழுக்குகிறது? அழுத்தத்தால் பனி உருகுவதே காரணம் என்று பல காலம் சொல்லி வந்தார்கள். ஆனால் பனியின் உருகுநிலையை 1 டிகிரி குறைப்பதற்கே ஏறக்குறைய 135 வளிமண்டல அழுத்தம் வேண்டும். சறுக்கு வண்டி தரும் அழுத்தம் அதற்கு எந்த மூலைக்கு? பனிக்கட்டியின் மேற்பரப்பில் நீர் போன்ற மெல்லிய படலம் இயல்பாகவே இருக்கும் என்று 1850-இலேயே மைக்கேல் பாரடே கருதினார். மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுகளை மேலிருந்து பிடித்துக் கொள்ள யாரும் இல்லாததால் அவை தளர்வாக இருக்கின்றன. உராய்வில் பிறக்கும் வெப்பமும் இதற்குத் துணை செய்கிறது.

இங்கே ஒரு வேடிக்கை! வண்டிக்கு உராய்வு கூடாது. இழுப்பவருக்கு உராய்வு வேண்டும். காலும் வழுக்கினால் வண்டியை எப்படி இழுப்பது? ஆகவே அவர் செருப்புக்கு அடியில் ஆணிப் பட்டை மாட்டிக் கொள்கிறார்.

இனி வண்டியில் அடுக்கும் முறையைப் பாருங்கள்.

கனமானவை அடியில் இருக்க வேண்டும். அப்போது ஈர்ப்பு மையம் தாழ்ந்து, மேடு பள்ளத்தில் வண்டி கவிழாது. அவை நடுவுக்குச் சற்றுப் பின்னால் இருப்பது நல்லது. மூக்குப் பக்கம் கனத்தால் வண்டி தூவிக் கிடக்கும் பனியை உழுது கொண்டு போகும்.

முதலில் தேவைப்படுவது கடைசியில் ஏற வேண்டும். ஏரியில் சேர்ந்ததும் முதல் வேலை துளை போடுவது. ஆகவே துளைப்பான் மேலாகவோ ஓரமாகவோ, அலகுக்கு உறை போட்டபடி இருக்கும்.

தடித்த மேலங்கியும் மூட்டைக்கு மேலே இருக்கும். இது விந்தையாக இல்லையா? குளிரும்போது அங்கியைக் கழற்றி வண்டியில் வைப்பார்களா? வைப்பார்கள். வண்டியை இழுக்கும்போது உடல் சூடேறி வியர்க்கும். வியர்வையில் உடை நனைந்தால் ஆபத்து. நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே நடக்கும்போது மெல்லிய உடை, உட்காரும்போது தடித்த உடை.

சிறு பொருள்களை வேலைக்கு ஒரு பெட்டியாகப் பிரித்து வைப்பார்கள். கொக்கிகள் ஒன்றில், இரை ஒன்றில், வெட்டும் கருவி ஒன்றில். வெறுங்கையால் துழாவும் ஒவ்வொரு நிமிடமும் விரல்களிலிருந்து வெப்பம் போகிறது. கையுறை போட்ட கையால் திறக்க முடியாத பெட்டி, அங்கே பெட்டியே அல்ல!

துளை போட்ட பிறகு

இனித் துளை போடுவோம். அடுப்பை வைத்துப் பனியை உருக்கித் துளை போட்டால் என்ன? கணக்கிட்டுப் பாருங்கள். 30 செ.மீ. தடிமனுள்ள பனியில் 20 செ.மீ. விட்டமுள்ள துளை என்றால், அதில் உள்ள பனி சுமார் 8.6 கி.கி. பனியின் உள்ளுறை வெப்பம் கிலோவுக்கு 334 கிலோ ஜூல். ஆக 29 லட்சம் ஜூல் வேண்டும். 60 கி.கி. எடையுள்ள ஒருவரை 4900 மீட்டர் உயரத்துக்கு, அதாவது ஐரோப்பாவின் மோன் பிளாங்க் சிகரத்துக்கும் மேலே, தூக்கும் ஆற்றல் இது! கூரிய அலகால் சீவி எடுப்பதற்கு இதில் ஒரு சிறு பகுதியே போதும். 20 செ.மீ. துளைப்பானுக்குப் பதில் 15 செ.மீ. துளைப்பான் எடுத்துச் சென்றால், சீவ வேண்டிய பனி 16-இல் 9 பங்காகக் குறையும். வண்டியும் இலேசாகும்.

துளையில் நீர் எதுவரை நிற்கிறது என்று கவனியுங்கள். 30 செ.மீ. பனியில் நீர்மட்டம் மேற்பரப்பிலிருந்து சுமார் 2.5 செ.மீ. கீழே நிற்கும். ஆர்க்கிமிடீசின் தத்துவம்தான். நீர் துளை வழியே மேலே வழிந்து பரவினால், பாரம் அதிகமாகி அவ்விடத்தில் தளம் தாழ்ந்துவிட்டது என்று பொருள். பொருள்களோடு வேறிடம் போய்விட வேண்டும். 10 செ.மீ. பனியில் இந்த இடைவெளி 0.83 செ.மீ. மட்டுமே. நீரின் அடர்த்தியில் பத்தில் ஒரு பங்கு அடர்த்தியுள்ள புதுப்பனி 8 செ.மீ. உயரத்துக்குப் பெய்தாலே போதும், தளம் நீர்மட்டத்துக்குத் தாழ்ந்துவிடும். விரிசல்கள் வழியே நீர் ஏறிச் சேறுபோல் குழையும். அது மறுபடி உறைந்தால் தரையில் வைத்த பொருள் எல்லாம் ஒட்டிக் கொள்ளும். ஆகவே பொருள்களை வண்டியிலோ பலகை மேலோதான் வைப்பார்கள்.

கூடாரத்துக்குள் அடுப்பு எரிந்தால் காற்றுப் போக வழி வைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

தடிமன் போதும், அடுக்கியதும் சரி. ஆபத்து அத்தோடு நீங்கிவிடுமா? 2022 நவம்பர் இறுதியில் மின்னசோட்டாவின் அப்பர் ரெட் ஏரியில் பெரிய பனித்தளம் ஒன்று கரையிலிருந்து பிரிந்து, சுமார் 200 பேரைச் சுமந்தபடி மிதந்தது. தளம் அவர்களைத் தாங்கத்தான் செய்தது. ஆனால் கரைக்கு வழி இல்லை. நல்லவேளையாக அனைவரும் மீட்கப்பட்டார்கள். காற்றின் திசையை விசாரிப்பதும், போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புவதும் எந்த வண்டியிலும் ஏற்ற வேண்டாத பொருள்கள். எடையும் இல்லை, விலையும் இல்லை!

செய்து பாருங்கள்

1. ஒரு தட்டையான கிண்ணத்தில் நீரை உறைய வைத்துப் பனித்தகடு ஒன்று செய்யுங்கள். அதை அகன்ற பாத்திரத்தில் மிதக்க விட்டு, எவ்வளவு பகுதி நீருக்கு மேலே தெரிகிறது என்று அளந்து பாருங்கள்.

2. தகட்டின் மேல் ஒவ்வொன்றாக நாணயங்களை வையுங்கள். ஒரு மூலையில் குவித்து வைப்பதற்கும் பரப்பி வைப்பதற்கும் என்ன வேறுபாடு?

3. 8 செ.மீ. தடிமனுள்ள தளம் எவ்வளவு எடையைத் தாங்கும்? அதன் பாதி தடிமனுக்குக் கணக்கிட்டு, அதில் நீங்கள் நடக்கத் துணிவீர்களா என்று சொல்லுங்கள்.