கையெழுத்து கிடைக்காத படிவம்

அமெரிக்காவில் உடல் பருமனுக்காகப் பேரியாட்ரிக் சர்ஜரி செய்துகொள்ள முடிவெடுத்தவர், ஆபரேஷன் தியேட்டருக்குப் போவதற்குள் ஒரு கட்டுக் காகிதம் சேர்க்க வேண்டியிருக்கிறது. இதயப் பரிசோதனை, தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்ற சோதனை, உணவியல் நிபுணரின் குறிப்பு, இவற்றோடு மனநலத் துறையைச் சேர்ந்த ஒருவர் நிரப்பிக் கையெழுத்திட்ட படிவம். சிலருக்கு இந்தக் கடைசிக் காகிதத்தில்தான் எல்லாம் நின்றுபோகிறது. பல ஆண்டுகளாகத் தனக்கு மனச்சோர்வு மாத்திரை எழுதித்தரும் மருத்துவரிடமோ, வாராவாரம் பேசும் ஆலோசகரிடமோ நோயாளி படிவத்தை நீட்டுகிறார். "இதையெல்லாம் நான் நிரப்புவதில்லை" என்று பதில் வருகிறது. ஏன் என்பதும் இனி யாரிடம் போவது என்பதும் பல நேரம் சொல்லப்படுவதில்லை.

கையெழுத்திட மறுப்பதில் நியாயம் இருக்கலாம். மறுத்துவிட்டு மௌனமாக இருப்பதில் இல்லை. அந்த மௌனம் உயிருக்கு ஆபத்தாக முடியக்கூடும் என்பதற்குச் சான்றுகள் உண்டு.

இந்தப் படிவத்தின் வேர் 1991இல் இருக்கிறது. அந்த ஆண்டு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு, பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட உடல் எடைக் குறியீடு) 40ஐத் தாண்டியவர்களுக்கும், 35க்கு மேல் இருந்து கடுமையான உடன்நோய்கள் உள்ளவர்களுக்கும் இந்த அறுவை சிகிச்சையைப் பரிந்துரைத்தது. மனநலத் துறையினரும் அடங்கிய பல்துறைக் குழு நோயாளியை மதிப்பிட வேண்டும் என்றும் சொன்னது. இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. 2022இல் அமெரிக்க, பன்னாட்டு அறுவை மருத்துவர் சங்கங்கள் சேர்ந்து வரம்பைத் தளர்த்தின: உடன்நோய் இல்லாவிட்டாலும் 35 போதும், ஆசிய மரபினருக்கு 27.5 போதும். அங்கே வாழும் தமிழர்களில் இந்தச் சிகிச்சைக்குத் தகுதி பெறுவோர் இதனால் பெருகியிருக்கிறார்கள். 2022இல் ஏறத்தாழ 2.8 லட்சம் பேர் இந்த அறுவை சிகிச்சையைச் செய்துகொண்ட நாட்டில் மனநலப் படிவம் சிறிய விஷயமல்ல. முதுகுத்தண்டில் வலி நீக்கும் மின்கருவி பொருத்துவதற்கும், உயிரோடு இருப்பவர் சிறுநீரகம் தானம் செய்வதற்கும் இதைப் போன்ற மதிப்பீடு தேவை.

மறுக்கும் மருத்துவர் தரப்பில் என்ன நியாயம்? படிவங்கள் பலவற்றில் கடைசிக் கேள்வி 'தகுதியானவரா, இல்லையா' என்பதுதான். அறுவைக்குப் பிறகு ஒருவர் எப்படி இருப்பார் என்று உறுதியாகச் சொல்லும் கருவி மனநல மருத்துவத்தில் கிடையாது. 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, இந்த அறுவைக்கு வருவோரில் சுமார் 19 சதவீதத்தினருக்கு மனச்சோர்வும் 17 சதவீதத்தினருக்குக் கட்டுப்பாடின்றி உண்ணும் கோளாறும் இருப்பதைக் கண்டது. ஆனால் முன்பே இருக்கும் இந்த நோய்கள் எடைக் குறைப்பைக் கெடுக்குமா என்பதற்கு ஒருமித்த சான்று அதற்குக் கிடைக்கவில்லை. இப்படியிருக்க, 'தகுதி' என்று எழுதிக் கையெழுத்திட்ட பின் ஏதாவது நடந்தால் வழக்கு தன் மேல் வருமோ என்று மருத்துவர் அஞ்சுவது இயல்பு.

இதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. சிகிச்சை தருபவரே தீர்ப்பும் சொல்லலாமா என்ற கேள்வி அது. நீதிமன்றச் சாட்சியம் தொடர்பாக ஸ்ட்ராஸ்பர்கர், குத்தீல், பிராட்ஸ்கி ஆகிய மூவர் 1997இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, இந்த இரண்டு வேலைகளையும் ஒருவரே பார்ப்பது இரண்டையும் கெடுக்கும் என்று வாதிட்டது. இங்கும் அது பொருந்தும். தன் ஆபரேஷனை நிறுத்தும் அதிகாரம் இவருக்கு இருக்கிறது என்று தெரிந்த நோயாளி, நேற்றிரவு குடித்ததை இவரிடம் சொல்வாரா? இத்தனைக்கும் மேலே, படிவம் நிரப்பும் நேரத்துக்குப் பெரும்பாலும் யாரும் பணம் தருவதில்லை. ஆகவே கையெழுத்திட மறுப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

என் அச்சம் அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றியது. இந்த அறுவை சிகிச்சை உயிர் காப்பது, அதில் ஐயமில்லை. 2007இல் வெளியான யூட்டா மாநில ஆய்வு, இதன் ஒரு வகையான கேஸ்ட்ரிக் பைபாஸ் செய்துகொண்ட ஏறத்தாழ 7,900 பேரை, அதே அளவு பருமனிருந்தும் செய்துகொள்ளாதவர்களோடு ஒப்பிட்டது. மொத்த மரணம் 40 சதவீதம் குறைவு. நீரிழிவால் நேர்ந்த மரணம் 92 சதவீதம் குறைவு. ஆகவே ஒரு படிவத்துக்காக மாதக்கணக்கில் காத்திருப்பதற்கும் விலை உண்டு. ஆனால் அதே ஆய்வில், விபத்து, தற்கொலை போன்ற நோயல்லாத காரணங்களால் நேர்ந்த மரணம் அறுவை செய்துகொண்டவர்களிடையே 58 சதவீதம் அதிகமாக இருந்தது.

கனடாவின் ஒண்டாரியோவில் 8,815 பேரை அறுவைக்கு முன் மூன்றாண்டும் பின் மூன்றாண்டும் கவனித்த ஆய்வு 2016இல் வந்தது. தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு அவசர சிகிச்சைக்கு வருவது, ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 2.33 என்பதிலிருந்து 3.63ஆக உயர்ந்திருந்தது. இந்தச் சம்பவங்களில் 93 சதவீதம், அறுவைக்கு முந்தைய ஐந்தாண்டுகளில் ஏதோ ஒரு மனநோய் கண்டறியப்பட்டவர்களிடையே நடந்தவை. இந்த எண்ணை நிதானமாகப் படிக்க வேண்டும். ஆபத்துக்கு ஆளானவர்களில் மிகப் பெரும்பாலோர் மருத்துவர் கண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள். இப்படிப்பட்ட நோயாளியின் கோப்பை வைத்திருக்கும் மருத்துவர்தான் "நான் எழுதுவதில்லை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

மருந்து விஷயம் இன்னும் நெருக்கடியானது. பைபோலார் நோய்க்குத் தரப்படும் லித்தியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை இருந்தால் மருந்து, 1.5ஐத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்கும். பைபாஸுக்குப் பின் முதல் வாரங்களில் நோயாளியால் மடக்கு மடக்காகத்தான் தண்ணீர் குடிக்க முடியும். உப்பும் உணவும் குறைந்துபோகும், வாந்தி வரும். உடலில் நீர் வற்றும்போது சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிவைக்கும். பழைய அளவு மாத்திரையே விஷமாகிவிட்ட நோயாளிகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். இந்த நஞ்சின் முதல் அறிகுறிகளில் ஒன்று வாந்தி என்பதுதான் கொடுமை: ஆபரேஷன் ஆனவருக்கு வாந்தி வந்தால் யாரும் லித்தியத்தைச் சந்தேகிப்பதில்லை.

மனச்சோர்வு மாத்திரைகளில் இதற்கு நேர் எதிராக நடக்கலாம். 2012இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், பைபாஸ் செய்துகொண்ட 12 பேரில் எட்டுப் பேருக்கு, ஒரு மாதம் கழித்து ரத்தத்தில் சேர்ந்த மருந்து சராசரியாகப் பழைய அளவில் 54 சதவீதமாகக் குறைந்திருந்தது. மாத்திரை தவறாமல் விழுங்கப்படுகிறது. பாதிதான் உடம்பில் சேர்கிறது. மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகளில் இந்தக் கவலை கூடுதல். மதுவோ வேகமாக ஏறுகிறது. அமெரிக்காவின் பத்து மருத்துவமனைகளில் நடந்த ஆய்வொன்றில், மதுப் பழக்கக் கோளாறு அறுவைக்கு முந்தைய ஆண்டில் 7.6 சதவீதமாகவும் அறுவைக்குப் பிந்தைய இரண்டாம் ஆண்டில் 9.6 சதவீதமாகவும் இருந்தது. முதல் ஆண்டில் ஏற்றம் இல்லை. எல்லாம் நன்றாகப் போகிறது என்று மருத்துவமனைச் சந்திப்புகள் குறையத் தொடங்கும் நேரத்தில்தான் அது ஏறுகிறது.

மறுக்கப்பட்ட நோயாளி வீட்டில் உட்கார்ந்திருப்பதில்லை. அறிமுகமே இல்லாத ஒருவரைத் தேடுகிறார். மனநல ஊழியர்கள் போதாத பகுதிகள் என்று அரசே வகைப்படுத்திய இடங்களில் 12 கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் நாடு அது. ஆகவே பலருக்குக் கிடைப்பது ஒரே ஒரு சந்திப்பு, அதுவும் சில சமயம் காணொளியில். அந்த ஒரு மணி நேரத்தில் நோயாளி தன்னை நல்லவிதமாகக் காட்டிக்கொள்ளவே முயல்வார். இது ஆய்வுகளில் பலமுறை பதிவான உண்மை. பழைய தற்கொலை முயற்சி, விட்டுவிட்டதாகச் சொல்லும் குடி, எதுவும் வெளியே வராது. படிவம் சுத்தமாக நிரம்பிவிடும். தெரிந்தவர் எழுத மறுத்ததால், தெரியாதவர் எழுதித் தருகிறார். அறுவை மருத்துவர் அதை நம்பிக் கத்தியை எடுக்கிறார்.

நம் குடும்பங்களில் இது இன்னும் மோசமாகலாம். சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டு மேசையில் வைப்போம், மனநோய் மாத்திரையைத் துணி அலமாரியில் ஒளிப்போம். மருமகளுக்கோ மகனுக்கோ ஆபரேஷன் என்றால் "அந்த மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் சொல்லாதே, ஆபரேஷனை நிறுத்திவிடுவார்கள்" என்று அறிவுரை சொல்லப் பெரியவர்கள் இருப்பார்கள். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். மனநோய் இருப்பதாலேயே இந்த அறுவை மறுக்கப்பட வேண்டியதில்லை. பலருக்கு அறுவைக்குப் பின் மனச்சோர்வு குறைந்ததாகவே மேலே சொன்ன தொகுப்பாய்வு காட்டியது. மறைக்கப்பட்ட நோயும் மறைக்கப்பட்ட மருந்தும்தான் ஆளைச் சாய்க்கின்றன.

உங்கள் மருத்துவர் படிவத்தை மறுத்தால், கையெழுத்துக்காக மன்றாட வேண்டாம். சிகிச்சைச் சுருக்கம் கேளுங்கள். என்ன நோய், எத்தனை காலம், என்ன மருந்து, என்ன அளவு, மருத்துவமனையில் சேர்ந்ததுண்டா, தற்கொலை எண்ணம் இருந்ததா, மது எப்படி, இப்போதைய நிலை என்ன, அறுவைக்குப் பின் மருந்தை யார் கவனிப்பார் என்று ஒரு பக்கம் எழுதினால் போதும். இவை அவருக்குத் தெரிந்த உண்மைகள்; எதிர்காலம் பற்றிய எந்த உத்தரவாதமும் இவற்றில் இல்லை. தகுதி பற்றிய முடிவை அறுவைக் குழுவின் சொந்த உளவியலாளர் எடுக்கட்டும். நீங்கள் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் இந்தத் தகவலை அனுப்ப அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது; ஆலோசனை அறையில் ஆலோசகர் தனியே எழுதி வைத்த குறிப்புகளுக்கு அதே சட்டம் தனிப் பாதுகாப்பும் தருகிறது. லித்தியம் சாப்பிடுபவராக இருந்தால், அறுவைக்கு முன்பும் பின்பு வாராவாரமும் ரத்தத்தில் அதன் அளவை யார் பார்க்கப்போகிறார் என்ற பதில் கிடைக்காமல் தேதி வாங்காதீர்கள். எந்த மனநல மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மருத்துவர்களிடம் வேண்டுவது இதுதான். படிவத்தில் கையெழுத்திட மனமில்லையென்றால் மறுத்துவிடுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் அதே வாரத்தில் அறுவை மருத்துவருக்கு அந்த ஒரு பக்கத்தை எழுதி அனுப்புங்கள். மதிப்பீடு செய்யக்கூடிய ஒருவரின் பெயரை நோயாளியிடம் சொல்லுங்கள். அறுவைக்குப் பிந்தைய முதல் மூன்றாண்டுகளுக்கு உங்களிடம் வரும் தேதிகளை இப்போதே குறித்துக் கொடுங்கள்.