காலும் கணக்கும்

ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நிற்கும்போது, பெற்றோர் நம்மிடம் கூறும் குறைகளுள் ஒன்று ஆண்டுதோறும் மாறாமல் வந்துகொண்டே இருக்கிறது. "சாமி, பையன் எல்லாவற்றையும் படிக்கிறான், கணக்கு மட்டும் ஏறமாட்டேன் என்கிறது. விளையாட்டை நிறுத்திவிட்டோம். மாலையில் டியூஷனுக்கு அனுப்புகிறோம்." இவ்வாறு சொல்லும் தாய் தந்தையர் பிள்ளையின் நன்மையையே நாடுகின்றனர் என்பதில் நமக்கு ஐயமில்லை. பள்ளிகளும் இவர்களுக்கு முன்மாதிரியாக இருக்கின்றனவே! தேர்வு நெருங்கியதும் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்காசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வது பல இடங்களில் எழுதாச் சட்டமாகிவிட்டது.

ஆனால் எட்டு வயதுக் குழந்தையின் ஓட்டத்தை நிறுத்தினால் அதன் கணக்கு வளருமா? உலக நலவாழ்வு நிறுவனம் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறைகளில், 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமேனும் மூச்சு வாங்க உடலை இயக்க வேண்டுமெனக் கூறியுள்ளது. காலையில் பள்ளி வேன், பகலெல்லாம் பெஞ்சு, மாலையில் டியூஷன், இரவில் கைப்பேசி என்றிருக்கும் குழந்தைக்கு அந்த 60 நிமிடம் எங்கிருந்து வரும்?

கணக்கையும் உடற்பயிற்சியையும் பகைவர்களாக நிறுத்தாமல் ஒன்றாகக் கட்டிப்பார்த்தவர்கள் உண்டு. நெதர்லாந்து நாட்டின் வடபகுதியில், குரோனிங்கன் பல்கலைக்கழகத்தார் 12 தொடக்கப்பள்ளிகளில் 499 பிள்ளைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தி, அதன் முடிவை 2016-இல் வெளியிட்டனர். இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாரத்தில் 3 நாள், 20 முதல் 30 நிமிடம் வரை, தம் பெஞ்சுக்கு அருகில் நின்றபடியே பாடம் பயின்றனர். கேள்வி வரும்வரை நின்ற இடத்திலேயே மெல்ல ஓடுவார்கள். 'இரண்டு மூன்று எத்தனை?' என்றால் வாயால் விடை சொல்வதில்லை. ஆறு முறை குதிப்பார்கள். சொற்களின் எழுத்துகளையும் எழுத்துக்கு ஒரு குதியாகக் கூட்டிச் சொல்வார்கள். ஆண்டுக்கு 22 வாரமாக இரண்டாண்டுகள் இது நடந்தது. முடிவில், வழக்கம்போல் உட்கார்ந்து படித்தவர்களைவிடக் கணக்கிலும் எழுத்துக்கூட்டலிலும் இவர்கள் நான்கு மாதப் படிப்பளவு முன்னேறியிருந்தனர். வாசிப்பில் மட்டும் வேறுபாடு தோன்றவில்லை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்பிள்ளைகள் குதித்துப் பழகியது ஏற்கெனவே கற்றுக்கொடுக்கப்பட்ட கணக்கை. புதிய பாடத்தை விளக்கும் வேளைக்கு அமைதி வேண்டும். மனத்தில் பதிப்பதற்கே குதிப்பு. வாய்ப்பாட்டைப் பத்துமுறை உட்கார்ந்து ஒப்பிக்கச் சலிப்படையும் குழந்தை, பத்துமுறை குதிக்கச் சலிப்பதில்லை. திரும்பத் திரும்பச் செய்தால்தான் வாய்ப்பாடு நிலைக்கும் என்பதை நம் முன்னோரும் அறிந்திருந்தனர்.

டென்மார்க்கில் 165 முதல் வகுப்புக் குழந்தைகளிடம் 6 வாரம் நடத்திய மற்றோர் ஆய்வும் 2016-இல் வெளிவந்தது. சிறு கட்டைகளைக் கையால் அடுக்கிக் கணக்குப் பயின்றவர்களைவிட, உடல் முழுவதையும் அசைத்துப் பயின்றவர்கள் மேலாகத் தேறினர். ஆனால் தொடக்கத்திலேயே கணக்கில் மிகவும் பின்தங்கியிருந்த பிள்ளைகளிடம் அந்த நன்மை காணப்படவில்லை. ஆகவே இது எல்லா நோய்க்கும் மருந்தன்று. எண்ணின் பொருளே விளங்காத குழந்தைக்குப் பொறுமையான ஆசிரியரின் துணையே முதலில் தேவை.

மரியா மாண்டிசோரி அம்மையாரைப் பலர் அறிந்திருப்பீர்கள். உரோமை நகரில் 1907-இல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய இம்மருத்துவர், 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். போர்க்காலத்தில் சில காலம் கொடைக்கானலிலும் தங்கினார். அவருடைய கல்விமுறையில் ஆயிரம் மணிகள் கொண்ட நீண்ட சங்கிலி ஒன்று உண்டு. குழந்தை அதைத் தரையில் விரித்து, அதன் ஓரமாகவே எண்ணிக்கொண்டு நகர்ந்து, உரிய இடங்களில் எண் சீட்டுகளை வைக்கும். ஆயிரம் என்பது எவ்வளவு பெரியது என்பதை அக்குழந்தையின் கால்களே அதற்குச் சொல்லிவிடுகின்றன.

நம் இல்லங்களில் இதற்குப் பொருட்செலவு எதுவும் வேண்டியதில்லை. முற்றத்திலோ மொட்டை மாடியிலோ சுண்ணக்கட்டியால் ஒரு நீண்ட கோடு கிழித்து 0 முதல் 20 வரை எழுதுங்கள். ஏழில் நிற்கும் பிள்ளை ஐந்து கூட்ட ஐந்து முறை முன்னே குதிக்கட்டும். கழிக்கப் பின்னே குதிக்கட்டும். 'கடன் வாங்கிக் கழித்தல்' என்று புத்தகம் அச்சுறுத்துவதற்கு முன்பே, கழித்தல் என்பது திரும்பி வருதல் என்று உடல் அறிந்துகொள்ளும். கயிறு தாண்டும் பெண் குழந்தை ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குப் பதிலாக நான்கு, எட்டு, பன்னிரண்டு என்று எண்ணலாம். கயிறு காலில் தட்டினால் முதலிலிருந்து தொடங்கச் சொல்லாதீர்கள்; விட்ட எண்ணிலிருந்தே தொடரட்டும். இல்லையேல் நான்கு, எட்டு மட்டும் நன்றாகப் பாடமாகும், முப்பத்திரண்டு ஒருநாளும் வராது! பாண்டிக் கட்டங்களில் எண்களை எழுதி, சில்லு விழுந்த கட்டங்களைக் கூட்டிக்கொண்டே நொண்டியடிக்கலாம். பெரிய பிள்ளைகள் கோயில் வளாகத்தின் நீளத்தையும் அகலத்தையும் எட்டுவைத்து அளந்து சுற்றளவைக் கூறட்டும். பிறகு ஒருமுறை சுற்றி நடந்து சரிபார்க்கட்டும். அப்பாவின் எட்டும் மகனின் எட்டும் ஏன் வேறு வேறு விடை தருகின்றன என்ற கேள்வி அங்கேயே எழும்.

பெண் பிள்ளைக்குப் பத்து வயதானதும் 'இனி உனக்கென்ன குதிப்பு?' என்று கேட்கும் பாட்டிமார் நம் பங்கிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் வாதாடுவதில்லை. கயிற்றைப் பேத்தியிடம் கொடுத்து, எண்ணிக்கையைச் சரிபார்க்கும் பொறுப்பைப் பாட்டியிடமே ஒப்படைத்துவிடுகிறோம்.

எச்சரிக்கையாகவும் ஒன்று கூற வேண்டும். தவறான விடைக்குப் பத்துத் தோப்புக்கரணம் போடச் சொல்லும் வழக்கம் சில வீடுகளிலும் வகுப்புகளிலும் இன்னும் ஒழியவில்லை. இங்கும் உடல் அசைகிறது, இங்கும் எண்ணிக்கை உண்டு. ஆனால் குழந்தை கற்றுக்கொள்வது வெட்கத்தை மட்டுமே. பிள்ளை எட்டுக்குப் பதில் ஒன்பது முறை குதித்தால் சிரிக்காமல், 'மறுபடியும் எண்ணிக்கொண்டே குதி' என்றால் போதும். குதிக்க இயலாத குழந்தை கைதட்டியோ பந்தை எறிந்து பிடித்தோ அதே விளையாட்டில் சேரலாம். அதை ஓரமாக உட்காரவைத்துப் புள்ளி எழுதுபவராக்கிவிடுவது முறையன்று. உண்டவுடனும் உச்சி வெயிலிலும் இது வேண்டாம். மாலையில் பதினைந்து நிமிடம் போதுமானது. பிள்ளை இன்னும் வேண்டும் என்று கேட்டால், அன்றைக்குக் கணக்கை விட்டுவிட்டு வெறுமனே ஓடி விளையாட அனுப்பிவிடுங்கள்.