கடைசிப் படம் வந்த காலையில் கார்ட்டூனிஸ்ட் இல்லை!

17,897 படக்கதைகளை ஒரே கையால் வரைந்தவர்

2000-ம் ஆண்டு பிப்ரவரி 13-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் வீடுதோறும் பத்திரிகை வந்து விழுந்தது. அதில் "பீனட்ஸ்" படக்கதையின் கடைசிப் படம். வாசகர்களிடம் விடைபெற்று கார்ட்டூனிஸ்ட் எழுதிய கடிதமும் அதில் இருந்தது. ஆனால் எழுதியவர் உயிரோடு இல்லை. முந்தின இரவுதான் அவர் கண்ணை மூடியிருந்தார்!

அவர் பெயர் சார்லஸ் ஷூல்ஸ். வயது 77.

சலூன்காரர் மகன்

1922-ல் மின்னியாபொலிஸ் நகரில் பிறந்தவர். பக்கத்து ஊர் செயின்ட் பாலில் அப்பாவுக்கு சலூன் கடை. பள்ளிக்கூட ஆண்டு மலருக்குப் படம் வரைந்து கொடுத்தார். போடவில்லை. 1943-ல் பட்டாளத்துக்குப் போன கொஞ்ச நாளிலேயே தாயார் புற்றுநோயில் இறந்தார்.

போர் முடிந்து ஊர் திரும்பியவருக்கு ஓவியப் பள்ளியில் வேலை. கூட வேலை பார்த்த ஒருவர் பெயர் சார்லி பிரவுன். அந்தப் பெயரைத்தான் தன் கதாநாயகப் பையனுக்கு வைத்தார்.

1950-ல் ஒரு பெண்ணிடம் கல்யாணம் கேட்டார். மாட்டேன்னு சொல்லிவிட்டாள். சார்லி பிரவுன் ஏங்கி ஏங்கிப் பார்க்கும் சிவப்புத் தலைமுடிப் பெண் அவள்தான்!

ஏழே பத்திரிகை

அதே ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி ஏழு பத்திரிகைகளில் "பீனட்ஸ்" ஆரம்பமானது. விற்பனை நிறுவனம் வைத்த அந்தப் பெயர் ஷூல்சுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. ஆனால் படக்கதை ஓடு ஓடு என்று ஓடியது. 75 நாடுகள், சுமார் 2,600 பத்திரிகைகள்! 1969-ல் சந்திரனைச் சுற்றிய அப்பல்லோ-10 கலங்களுக்கு சார்லி பிரவுன், ஸ்னூப்பி என்றே பெயர் சூட்டினார்கள்.

கை நடுங்கியும் விடவில்லை

உதவியாள் கிடையாது. கோடும் எழுத்தும் அவர் கைதான். 1981-ல் இருதய ஆபரேஷனுக்குப் பிறகு கை நடுங்கியது, கோடும் நடுங்கியது. அப்பவும் பேனாவை அடுத்தவரிடம் கொடுக்கவில்லை. 75 வயசான 1997-ல்தான் ஐந்து வாரம் லீவு எடுத்தார்.

1999 கடைசியில் குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. டிசம்பரில் ஓய்வை அறிவித்தார். தனக்குப் பிறகு யாரும் வரையக்கூடாது என்பது அவர் கண்டிப்பு. அதன்பின் பத்திரிகைகளில் வருவதெல்லாம் அவர் வரைந்த பழைய படங்களே.

லூசி பந்தைப் பிடிப்பாள். சார்லி பிரவுன் உதைக்க ஓடி வருவான். கடைசி நொடியில் இழுத்துவிடுவாள். தொபுக்கடீர்! வருஷக்கணக்காக இப்படியே ஏமாந்தான். ஆனாலும் அவன் ஓடி வருவதை நிறுத்தவில்லை. வரைந்தவரும் அப்படித்தான்!