கடனும் பொய்யும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் அரசாங்க இரகசியங்களைக் கையாளும் பதவியை ஒருவர் விரும்பினால், கல்வியும் திறமையும் மாத்திரம் போதா. அவர் நம்பத்தக்கவரென அரசாங்கம் ஆராய்ந்து அனுமதி வழங்குதல் வேண்டும். 2017-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த விதிகள் இவ்வாராய்ச்சியைப் பதின்மூன்று பிரிவுகளாக வகுத்துள்ளன. அவற்றுள் பொருள்நிலையைப் பற்றியது ஒன்று. நடத்தையையும் உண்மையுடைமையையும் பற்றியது மற்றொன்று. இவ்விரண்டையும் ஈண்டு நாம் சிறிது ஆராய்வோம்.

வறுமை குற்றமன்றே, கடன்பட்டவனை ஐயுறுவானேன் எனச் சிலர் வினவலாம். வறுமை குற்றமன்று; ஆயினும் கடனால் நெருக்குண்டவன் பணத்திற்காகத் தகாதது செய்யத் துணியலாம். ஆல்டிரிச் ஏம்ஸ் என்பானது வரலாறு இதற்குச் சான்றாம். மத்திய உளவு நிலையத்தில் அலுவல் பார்த்த அவன், கடன் மிகுந்து, 1985-ஆம் ஆண்டில் தன் நாட்டின் இரகசியங்களைச் சோவியத் நாட்டிற்கு விற்கத் தொடங்கினான். அவனாற் காட்டிக்கொடுக்கப்பட்டோர் பலர் உயிரிழந்தனர். 540,000 டாலரை ரொக்கமாகக் கொடுத்து வீடு வாங்கியும், 1994 வரை அவன் பிடிபட்டிலன். முடிவில் ஆயுள் தண்டனை பெற்றான். ஆதலின், காரணம் தோன்றாத செல்வமும் இன்று கடனைப் போலவே ஆராயப்படுகின்றது.

எனினும், கடனுள்ளாரெல்லாம் தள்ளப்படுவாரல்லர். வேலையிழப்பு, நோய், மணமுறிவு முதலிய தம் வசமல்லாக் காரணங்களால் கடன்பட்டோர், பொறுப்போடு நடந்து அதனைச் சிறிது சிறிதாகச் செலுத்தி வருவாராயின், அஃது அவர்க்குச் சாதகமாகக் கொள்ளப்படும்.

பொய்யோ அத்தகையதன்று. விண்ணப்பதாரர் நிரப்பும் நீண்ட படிவத்தில், செலுத்தாத வரி, தவணை தவறிய கடன் முதலியவற்றைப் பற்றிய வினாக்கள் உள. வெட்கத்தினால் ‘இல்லை’ என்றெழுதினும், கடன் பதிவுகளிலிருந்து உண்மை எளிதில் வெளியாகிவிடும். அப்பொழுது, பொறுக்கப்படக்கூடிய கடனைவிடப் பொறுத்தற்கரிய வஞ்சனையே பெரிதாய் நிற்கும். அறிந்தே பொய் கூறுதல் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமுமாம். மேலும், மறைக்கவேண்டிய செய்தியுடையவனைப் பகைவர் அச்சுறுத்தி வசப்படுத்தலாம். தானே வெளியிட்டவனை எதனைக் காட்டி அச்சுறுத்துவர்? தவறாக எழுதியவனும், பிறர் எடுத்துக்காட்டுமுன் தானாகவே விரைந்து திருத்துவானாயின், அதுவும் அவன்பாற் கருதப்படும்.

கடன் ஒருவனுக்கு அவன் விரும்பாமலே நேரலாம். பொய்யோ அவன் தானே தேடிக்கொள்வது. நாளை அலுவல் தேடிப் புறப்படும் மாணவராகிய நாம், சிறு கடனையும் மறைக்கும் பழக்கத்தை இன்றே விலக்குவோமாக.